பாடினி கதவருகே சொன்னது

பல் கட்டுகிறவளுக்குப் பல்லக்கா என்றுதான் பெயர் விழும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவர்கள் வாயிலிருந்து அம்மாக்கள் வாய்க்குப் போய், அங்கிருந்து சபைப் பெரியவர்களான மூப்பர்கள் வாய்க்கு ஏறி, கடைசியில் போதகரே ஒருநாள் மேடையில் நின்று, "நம்ம பல்லக்கா வீட்டுல இந்த வாரம் ஜெபக்கூட்டம்" என்று அறிவித்துவிட்டார். சபை சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்தால் அவளுடைய முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். ஊர்ப்பட்ட பல்லை வரிசையில் நிறுத்துகிறவளுக்குத் தன் பல்லை நிறுத்த நேரமில்லையா என்று யாராவது சீண்டினால், "இது கர்த்தர் கட்டினது, நான் கை வெக்க மாட்டேன்" என்பாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில். முன்னால் டாக்டர், ஏசி, மீன்தொட்டி. பின்னால் இவள், ஒரு மின்விசிறி, பிளாஸ்டர் தூசு. ஜன்னல் விளிம்பில் காயவைத்த தாடை அச்சுகள் வாய் பிளந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். புதிதாக வேலைக்கு வருகிற துப்புரவுப் பெண்கள் முதல் நாள் அந்த ஜன்னலைப் பார்த்துத் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிடுவார்கள். மெழுகை உருக்கி ஈறு செய்வது, அதில் பல்லை ஒவ்வொன்றாக நடுவது, அக்ரிலிக்கை அச்சில் அழுத்தி வேகவைப்பது, கடைசியில் சுழலும் பஃப் சக்கரத்தில் காட்டி மெருகேற்றுவது என்று நாள் முழுக்க அவள் கையில் யாரோ ஒருவருடைய வாய் இருந்துகொண்டே இருக்கும்.

மெழுகில் நட்ட பல்லை, பல் கட்ட வந்தவர்கள் வாயில் ஒருமுறை வைத்துப் பார்ப்பார்கள். பேச்சு சரியாக வருகிறதா என்று பார்க்க டாக்டர் அவர்களை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்வார். எண்ணும்போது மனிதர்கள் ஜாக்கிரதையாக எண்ணுவார்கள், குறை தெரியாது. அதனால் டாக்டர் அந்தப் பக்கம் போனதும் பல்லக்கா மெல்ல, "சின்ன வயசுல கேட்ட பாட்டு ஏதாவது இருந்தா பாடுங்களேன்" என்பாள். முதலில் வெட்கப்படுவார்கள். பிறகு பாடுவார்கள். களையெடுக்கிற பாட்டு, துடுப்புப் போடுகிற பாட்டு, தாலாட்டு, மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டலடிக்கிற பாட்டு. பாட்டு சூடுபிடித்ததும் பல்லை மறந்துவிடுவார்கள். எங்கே காற்று கசிகிறது, எந்தப் பல் நாக்கில் இடிக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பல் அவர்களோடு போகும். மெட்டு இவளிடம் தங்கிவிடும்.

அந்த மெட்டுகளை வீட்டில் மாண்டலினில் போட்டுப் பார்த்து, பைபிளின் சங்கீத வசனங்களை அதில் உட்காரவைப்பாள். அதைத்தான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். "பக்திப் பாட்டுக்கு இதென்ன களையெடுக்கிற மெட்டு?" என்று ஒரு மூப்பர் முகம் சுளித்தார். "களையெடுக்கிறவங்களும் அவரோட பிள்ளைங்கதானேங்க" என்றாள் பல்லக்கா. அவருக்குப் பதில் வரவில்லை. ஆனால் அதை அவர் மறக்கவுமில்லை. பதில் வராதவர்கள் எதையும் மறப்பதில்லை.

அவளுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. அட்டை கிழிந்த பழைய புத்தகக் கடைக் கதைகள். தலையணை கனத்தில் இருக்கும். முதல் பக்கத்தில் இல்லாத நாட்டின் வரைபடம், உள்ளே டிராகன், சபிக்கப்பட்ட வாள், பேசுகிற மரம், நாடிழந்த ராஜா. இதையெல்லாம் பிசாசின் சரக்கு என்று மேடையில் சொல்லக் கேட்டே வளர்ந்தவள்தான் அவள். ஆனால் கடலுக்குள் திமிங்கலத்தைச் செய்துவிட்டவர் காகிதத்தில் ஒரு டிராகனைப் பார்த்துப் பதறிப்போவாரா என்று அவளுக்குச் சந்தேகம். அந்தக் கதைகளைப் படித்து முடித்த இரவுகளில் அவள் ஜெபம் நன்றாகவே இருக்கும். உலகம் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரியது என்று அந்த ஆசிரியர்கள் நம்பினார்கள். அவளும் அதைத்தான் நம்பினாள்.

ஒருமுறை அந்தக் கதைகளின் ரசிகர்கள் வேஷம் போட்டுக் கூடுகிற கூட்டத்துக்கும் போனாள். யாரோ ஒருவருக்குக் கோரைப்பல் செய்துகொடுக்கப் போய்த் தொற்றிய ஆசை. கடைப் பல் எல்லாம் பேசினால் கழன்று விழும். இவள் செய்த கோரைப்பல்லோடு பிஸ்கட்டே தின்னலாம். பழைய திரைச்சீலையில் அங்கி தைத்துக்கொண்டு, கழுத்தில் வழக்கமான சிலுவையோடு போய் நின்றாள். அங்கே இருந்தவர்கள் சிலுவையைப் பார்த்துவிட்டு, "நீங்க சர்ச்சுக்கெல்லாம் போவீங்களா? நிஜமாவா?" என்றார்கள். மறுநாள் சர்ச்சில், அங்கே எடுத்த படத்தைப் பார்த்தவர்கள், "நீங்க இதுக்கெல்லாம் போவீங்களா? நிஜமாவா?" என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே கேள்வி, ஒரே புருவம். பாவம், அவள் இரண்டு பக்கமும் சிரித்து வைத்தாள்.

டீச்சரைக் கண்டுபிடித்த பிறகுதான் மூச்சு விட்டாள். டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவள், பாடகர் குழுவில் இவளுக்குப் பக்கத்து நாற்காலி. ஒருநாள் ஒத்திகை முடிந்து டீச்சர் கைப்பையைத் தூக்கியபோது ஏதோ ஒன்று கீழே விழுந்து பெஞ்சுக்கடியில் உருண்டு ஓடியது. பல்லக்கா குனிந்து எடுத்தாள். அந்த மாதிரிக் கதைகளை ஆடிப் பார்க்கிற ஆட்டத்துக்கான இருபது முகமுள்ள பகடை. டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. பல்லக்கா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன விழுந்திருக்குன்னு பாக்கலையா?" என்றாள். அன்றைக்கு அந்த இரண்டு பேரும் சர்ச் வாசலில் நின்று பேசிய பேச்சில் காவலாளி கேட்டைப் பூட்ட முடியாமல் சாவியை ஆட்டிக்கொண்டே நின்றார்.

அதிலிருந்து சனிக்கிழமை மதியம் ஆட்டம். சபையில் டிரம்ஸ் வாசிக்கிற லிஃப்ட் மெக்கானிக்கும் சேர்ந்துகொண்டார். அவரை எல்லோரும் லிஃப்ட்டண்ணன் என்பார்கள். அதிகம் பேசமாட்டார். மருத்துவமனை மூடிய பிறகு, கூட்டிப் பெருக்கிவிட்டுப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு, டாக்டர் பின்னறையைக் கொடுத்தார். டீச்சர் கதை சொல்வாள். மற்ற இருவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். பாத்திரம் என்ன செய்கிறது, என்ன சொல்கிறது என்பதை அவரவர் சொல்ல வேண்டும், பகடையை உருட்ட வேண்டும், விழுகிற எண்ணைப் பொறுத்து வெற்றி தோல்வி. லிஃப்ட்டண்ணன் ஒரு கோடரி வீரன். பல்லக்கா ஊர் ஊராகப் பாடித் திரிகிற ஒரு பாடினி. பாத்திரத்துக்கு ஒரு பொம்மை வேண்டுமே, அதை மிச்ச மெழுகில் செதுக்கி, பல்செட்டுக்குப் போடுகிற அக்ரிலிக்கிலேயே வார்த்துவிட்டாள். அதனால் அந்த ராஜ்ஜியத்தில் வீரன், பாடினி, டிராகன், எல்லோரும் ஈறு நிறத்தில் இருந்தார்கள்.

மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. டீச்சர் போட்ட சட்டம்தான். "பொம்மை மேசையில நிக்கிற வரைக்கும் பேச்சு பொம்மையோடது. எழுந்து போறப்போ அந்தப் பேச்சை இங்கேயே விட்டுட்டுப் போயிடணும்." லிஃப்ட்டண்ணன் ஒருநாள் கோடரி வீரனாக நின்று, கதையில் வந்த மந்திரியை, அதாவது டீச்சரை, கேட்கக் கூசுகிற வார்த்தையில் திட்டினார். பிறகு பொம்மையை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, "டீச்சர், அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் குடுங்க" என்றார். டீச்சர் கொடுத்தாள். அவ்வளவு சுத்தமான சட்டம்.

பல்லக்காவுக்கு ஓர் அக்கா இருந்தாள். கல்யாணமாகாத இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒருத்தி சமைத்தால் மற்றவள் குறை சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். அக்காவுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. சபை முழுக்க உபவாசமிருந்தது. முறை வைத்து ஜெபித்தார்கள். "சுகம் கிடைச்சாச்சு, விசுவாசிங்க" என்று மூப்பர்கள் சொன்னார்கள், அவளும் விசுவாசித்தாள். தொண்டை கட்டுகிறவரை ஜெபித்தாள். அக்கா போய்விட்டாள்.

அடக்க ஆராதனையில் பல்லக்காதான் மாண்டலினோடு நின்று பாட்டை நடத்தினாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "என்ன விசுவாசம் பாரு" என்றார்கள். "நம்ம எல்லாருக்கும் இவ ஒரு பாடம்" என்றார்கள். அப்படி ஒரு பெயர் விழுந்த பிறகு எந்த மூலையில் உட்கார்ந்து அழுவது? சாவுக்கு வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போய்விட்டார்கள், அவள் அந்தப் பாராட்டைச் சுமந்துகொண்டு வீட்டில் தனியாக நின்றாள். அந்த நாட்களில் அவள் சர்ச்சில் வாயை அசைத்தாளே தவிர, குரல் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த டீச்சருக்கு மட்டும் அது தெரியும்.

அந்தச் சமயத்தில் கதை ஒரு பாழ்வெளிக்கு வந்திருந்தது. நாட்டின் ராஜா அங்கே ஒரு மாளிகைக்குள் அடைந்து கிடக்கிறான், பாடினி அவனைத் தேடி வந்திருக்கிறாள். டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "கதவு பூட்டியிருக்கு. ஜன்னல் இடுக்குல வெளிச்சம் தெரியுது. பாடினி என்ன சொல்றா?"

பல்லக்கா பகடையைத் தொடவில்லை. பொம்மையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உள்ளதான் இருக்கே. நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சு. எங்க எல்லாருக்கும் தொண்டை கட்டுற வரைக்கும் கூப்பிட்டோம். கேட்டும் நீ எழுந்து வரல. இனிமே உனக்காகப் பாட மாட்டேன்."

சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். பிளாஸ்டர் தூசு படிந்த மேசையில் தலையைக் கவிழ்த்து, அக்கா போனதிலிருந்து தேக்கி வைத்ததையெல்லாம் அழுதாள். லிஃப்ட்டண்ணன் நிரம்பியிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். டீச்சர் மேசையைச் சுற்றி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அழுகை அடங்கியதும், கதை சொல்கிற குரலிலேயே, "பாடினி அந்தக் கதவுகிட்டயே உக்காந்துக்கலாம். யாரும் விரட்ட மாட்டாங்க" என்றாள். அன்றைக்கு டீச்சர் நல்லவளாகத்தான் இருந்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

மறுநாள் ஆராதனையில் பல்லக்காவுக்குக் குரல் வந்தது. பாட மாட்டேன் என்று ஓர் இடத்தில் சொல்ல முடிந்ததால் இன்னோர் இடத்தில் பாட முடிந்தது. பொம்மைகளும் பகடையும் இல்லாமல் போயிருந்தால் அவள் சர்ச்சைவிட்டே போயிருப்பாள். இதை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் யாருக்குப் புரியும்?

அதற்குப் பிறகு ஞாயிறு பள்ளிதான் அவளுக்கு எல்லாம். பால்பல் விழுந்த பிள்ளைகள் பாடும்போது "ச" எல்லாம் காற்றாக வரும். நாளெல்லாம் காற்று கசியாத பல் செய்கிறவள் அந்தக் கசிவைக் கேட்கத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். அக்கா இல்லாத வீட்டில் சனிக்கிழமை ராத்திரியே ஞாயிற்றுக்கிழமைச் சேலையை எடுத்து வைத்துவிட்டுத் தூங்குவாள். பிள்ளைகளே நடத்துகிற ஓர் ஆராதனைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்காக ஒரு துடுப்புப் பாட்டு மெட்டில் புதுப் பாட்டு ஒன்றைப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஞாயிறு பள்ளித் தலைமைப் பொறுப்பு காலியானது. டீச்சரின் பெயர் அடிபட்டது. டீச்சருக்கும் அதில் ஆசை. ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை, தகுதியும் இருந்தது. ஆனால் களையெடுக்கிற மெட்டை மறக்காத மூப்பர் இருந்தாரே, அவர் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து, டீச்சரின் காரில் பகடையும் டிராகன் படம் போட்ட டப்பாவும் இருக்கிறது என்று கிளப்பிவிட்டார். பிள்ளைகளை இப்படிப்பட்டவர் கையில் கொடுக்கலாமா என்று பேச்சு எழுந்தது.

"என்ன பண்ணப் போறே?" என்று பல்லக்கா கேட்டாள். "மூணு பேரும் போய்ப் போதகர்கிட்ட பேசுவோம். விளையாட்டை விளையாட்டுன்னு சொல்றதுக்கு என்ன பயம்?"

"நீ எதுவும் பேசாதே" என்றாள் டீச்சர். "நான் பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்ட லட்சணம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

அந்தச் சபையில் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம். யாராவது எழுந்து போய், கர்த்தர் தன்னை எதிலிருந்து மீட்டார் என்று சொல்வார்கள். சாட்சி முடிந்ததும் எல்லோரும் ஸ்தோத்திரப் பல்லவி ஒன்றைப் பாடுவார்கள். அந்தப் பல்லவியை மாண்டலினில் எடுத்துக்கொடுப்பது பல்லக்காவின் வேலை. அன்றைக்கு டீச்சர் எழுந்து போனாள். மைக்கைப் பிடித்ததுமே அழத் தொடங்கினாள்.

"நான் ஒரு விளையாட்டுக்குள்ள சிக்கியிருந்தேன். மந்திரம், பகடை, இல்லாத தெய்வங்கள். கற்பனைதானேன்னு நெனச்சேன். ஆனா அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு என் கண்ணால பாத்தேன். நம்ம மத்தியில பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கிற ஒரு சகோதரி, அந்த மேசையில உக்காந்து, ஆண்டவர் முகத்துக்கு நேரா, 'இனிமே உனக்காகப் பாட மாட்டேன்'னு சொன்னாங்க. கேட்டு என் உடம்பெல்லாம் நடுங்கிருச்சு. அன்னைக்கே அதைவிட்டு வெளியே வந்தேன்."

அன்றைக்கே வெளியே வந்தவள் முந்தின நாள் மதியம்கூட அதே மேசையில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ராஜாவின் மந்திரியாக மூக்கால் பேசி மற்ற இருவரையும் சிரிக்கவைத்தாள். அதைச் சபைக்கு யார் சொல்வது? பெயர் சொல்லவில்லை, உண்மைதான். பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிற சகோதரி அந்தச் சபையில் ஒருத்திதான்.

"ஸ்தோத்திரம்" என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. டீச்சர் மேடையிலிருந்து இறங்கினாள். எல்லோரும் பல்லவிக்காகக் காத்திருந்தார்கள். பல்லக்காவின் விரல்கள் பழக்கத்தில் கம்பியைத் தொட்டுவிட்டன. டீச்சர் மீட்கப்பட்டதற்காக அவளே சுருதி கொடுத்து, அவளே எடுத்துக்கொடுக்க, சபை பாடியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவமானத்தில் அவளுக்குக் காதெல்லாம் கொதித்தது. கத்தியால் குத்தியிருந்தால்கூட ஓடியிருக்கலாம், இங்கே பல்லவி முடிகிறவரை நிற்க வேண்டியிருந்தது.

ஆராதனை முடிந்து பல்லக்காவைப் போதகரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போதகர், அந்த மூப்பர், டீச்சர். கூப்பிடாமலே லிஃப்ட்டண்ணனும் வந்து கதவோரம் நின்றுகொண்டார். போதகர் மென்மையான மனிதர். பிரச்சினை எப்படியாவது முடிந்தால் போதும் என்று நினைக்கிறவர்.

"அம்மா, பிள்ளைங்க விஷயம், அதனால கேக்கறேன். அப்படி நீங்க சொன்னீங்களா?"

பல்லக்கா வாய் திறக்குமுன் லிஃப்ட்டண்ணன் பேசினார். அவர் அத்தனை நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "ஐயா, அது கதையில ஒரு பாடினி, ஒரு ராஜாவைப் பாத்துச் சொல்றது. நானும் அங்கதான் இருந்தேன். நான்கூட அங்க நாலு பேரை வெட்டியிருக்கேன். கொலைக் கேஸா போடப்போறீங்க?"

போதகருக்கு முகம் தெளிந்தது. "அப்போ நாடக வசனம் மாதிரி. நம்ம பிள்ளைங்களும்தான் நாடகத்துல குழந்தைகளைக் கொன்ன ஏரோது ராஜாவா நடிக்கிறாங்க" என்று மூப்பரைப் பார்த்தார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் அது வெறும் வசனம் என்றால் டீச்சர் மேடையில் சொன்ன சாட்சி என்ன ஆவது? அவள் அதை யோசித்துவிட்டாள். பல்லக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இல்லங்கையா. அது பாடினி இல்ல. அவளேதான். அவங்க அக்கா செத்ததை வெச்சுத்தான் சொன்னா. சொல்லிட்டுத் தேம்பித் தேம்பி அழுதா. நான்தான் கட்டிப்பிடிச்சு சமாதானப்படுத்தினேன்."

லிஃப்ட்டண்ணன், "டீச்சர்" என்றார்.

டீச்சர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் பல்லக்காவுக்குக் கோபம் வந்திருக்கும், கத்தியிருப்பாள். ஆனால் அது நிஜம். அந்த நிஜம் அந்த மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும், இப்போது ஒருத்தி அதை எடுத்துப் போதகர் மேசையில் போட்டுவிட்டாள். இல்லை, பாடினிதான் சொன்னாள் என்று சாதித்திருக்கலாம். பிள்ளைகள் அவளிடமே இருந்திருப்பார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் அக்காவுக்காக அவள் அழுத ஒரே அழுகையும் நடிப்பென்று ஆகிவிடும்.

"ஆமாங்கையா" என்றாள். "நான்தான் சொன்னேன். எங்க அக்காவுக்காகச் சொன்னேன்."

போதகர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அன்னைக்கே எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிங்கையா சொல்றது? நீங்க எல்லாரும் என்னைப் பாராட்டிட்டு இருந்தீங்களே."

பதிலுக்கு ஒரு முடிவு மட்டும் வந்தது. பல்லக்கா கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும், மனசு ஆறட்டும், அதுவரைக்கும் பிள்ளைகளை டீச்சர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை.

அந்த வாரம் டாக்டர் இரண்டு செட்டைத் திருப்பி அனுப்பினார். கடித்தால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தவில்லை. அப்படி நடந்ததே இல்லை என்பதால் டாக்டரே பின்னறைக்கு வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவளுக்கு ஒரே எண்ணம்தான் சுற்றிச் சுற்றி வந்தது. கட்டிப்பிடித்தபோதே டீச்சர் இதை எடுத்து வைத்துக்கொண்டாளா? இல்லை, தேவைப்பட்டபோதுதான் ஞாபகம் வந்ததா? எது என்றாலும் வலி ஒன்றுதான். ஆனாலும் மனசு அதைத் தெரிந்துகொள்ளத் துடித்தது.

ஒரு மத்தியானம் டீச்சரே வந்தாள். பள்ளிக்கூடத்து அடையாள அட்டை கழுத்தில் தொங்க, பின்னறை வாசலில் நின்றாள். பல்லக்கா ஒரு கீழ்த்தாடைச் செட்டை மெருகேற்றிக்கொண்டிருந்தாள். சக்கரத்தை நிறுத்தவில்லை. டீச்சர் அந்தச் சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்தது.

"கோவமா இருக்கியா?"

பல்லக்கா செட்டைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டினாள்.

"எனக்கு வேற வழி தெரியல" என்றாள் டீச்சர். "அந்த ஆளு என்னை விட்டிருக்க மாட்டாரு. யோசிச்சுப் பாரு, பொறுப்பு வேற யார் கைக்காவது போயிருந்தா உன் மெட்டு, உன் பாட்டு எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போட்டிருப்பாங்க. இப்போ நம்ம கையிலதானே இருக்கு? நீ பழக்கின பாட்டைத்தான் பாடவைக்கப் போறேன். ஒரு வார்த்தை மாத்தல."

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. டீச்சர் உள்ளே வந்து, வழக்கமாகத் தான் உட்கார்கிற ஸ்டூலை இழுத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அப்புறம், சனிக்கிழமை இங்க வேணாம். எங்க வீட்ல வெச்சுக்கலாமா? பின்பக்க ரூம், யாருக்கும் தெரியாது. கதை பாதியில நிக்குதுல்ல."

பல்லக்கா சக்கரத்தை நிறுத்தினாள். டீச்சர் அந்த விளையாட்டைப் பாவம் என்று நம்பவேயில்லை. நம்பிச் சொல்லியிருந்தால்கூட ஒருவிதமாகத் தாங்கியிருக்கலாம்.

"மேடையில அழுதியே" என்றாள். "அது எதுக்கு அழுத அழுகை?"

டீச்சர் நேர்மையாகவே யோசித்தாள். "சாட்சி சொல்றப்போ எல்லாரும் அழுவாங்கல்ல" என்றாள்.

பொம்மை பேசியதை நிஜம் என்று கொண்டுபோய்ச் சபையில் வைத்தவள், கர்த்தருடைய மேடையில் நின்று வேஷம் கட்டியிருக்கிறாள். சொல்லும்போது அவள் முகத்தில் கூச்சம்கூட இல்லை. பல்லக்காவுக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. இவளுடைய அணைப்பிலா அன்றைக்கு அழுதேன் என்று நினைத்தாள்.

"வரியா சனிக்கிழமை?"

"இல்ல."

"அடுத்த வாரம்?"

"இல்ல. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வருவேன். அது எங்க அப்பா வீடு, உனக்காக நான் ஏன் வராம இருக்கணும்? பின்னாடி உக்காந்துக்குவேன்."

டீச்சர் கண் கலங்கினாள். அது எந்த வகை என்று பார்க்க பல்லக்கா மெனக்கெடவில்லை. கையில் இருந்த செட்டைக் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். டீச்சர் எழுந்து வாசல்வரை போனபோது, பல்லக்கா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினாள். பேசக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் பிள்ளைகள் ஞாபகம் வந்துவிட்டது.

"அந்தப் பாட்டுல மூணாவது அடியில மேல போவாதே. பெரியவங்க பாடுற சுருதி அது, பிள்ளைங்களுக்குத் தொண்டை கிழிஞ்சிரும். கீழேயே நிப்பாட்டிக்கோ. அந்தக் கடைசி வரிசைப் பையனுக்கு முன்பல் ரெண்டும் விழுந்திருக்கு, 'ச' வராது. சிரிக்காதே, அவன் அப்புறம் வாயே திறக்க மாட்டான்."

டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. பல்லக்கா மன்னித்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டாள். போனை எடுத்து மளமளவென்று குறித்துக்கொண்டே, "வேற ஏதாவது இருக்கா?" என்றாள்.

இருந்தது. அக்காவைப் பற்றி இருந்தது, தனியாகத் தின்கிற சாப்பாட்டைப் பற்றி இருந்தது, இப்போதெல்லாம் ஜெபிக்க உட்கார்ந்தால் யாரோ ஒட்டுக்கேட்பதுபோல வாய் அடைத்துப்போவதைப் பற்றி இருந்தது. முன்பு மாதிரி இருந்தால் சனிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் இவளிடம்தான் கொட்டியிருப்பாள்.

"அவ்வளவுதான்" என்றாள் பல்லக்கா.